ஆடாமல் வந்த படங்கள்

“மாமா, எனக்கு ஒரு கேமரா வேணும்.”

மாமாவிடம் எதையும் நான் எந்தக் காலத்திலும் கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். மாமா அவளுடைய அண்ணன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்; மிதிக்க வைத்தவர் அவர். படிப்பு முடிந்ததும் என் பட்டச் சான்றிதழை வாங்கித் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். “பத்திரமா இருக்கட்டும்” என்றார். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. நான் அவர் கடையில் இருந்தேன்.

நாய், பூனைகளைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் நறுக்கி அனுப்பும் கடை. கூடவே ஒரு படமும் எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுப்போம். படம் என் வேலை. கடையில் இருந்த கேமராவில் தூங்குகிற பூனையை எடுக்கலாம். பொத்தானை அழுத்தினால் அது யோசித்து, மூச்சு வாங்கி, அப்புறம்தான் எடுக்கும். அதற்குள் நாய் ஓடியிருக்கும்; வால் மட்டும் புகை மாதிரி விழும்.

ஓடும் நாயைப் பிடிக்க விலை கூடிய கேமரா தேவையில்லை. ஷட்டர் வேகமாக இருக்க வேண்டும். ஃபோகஸ் நாயின் கண்ணை விடாமல் துரத்த வேண்டும். ஒரே அழுத்தில் படங்கள் வரிசையாக விழ வேண்டும். மற்ற ஜோடனை எதுவும் வேண்டாம். பழைய மாடல் போதும், ஒருவர் கைபட்டதே போதும். பக்கத்துத் தெருக் கடையில் அப்படி ஒன்று இருந்தது. அதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத்தான் கேட்டேன்.

மாமா உட்கார்ந்தால் காலாட்டிக்கொண்டே இருப்பார். ஆட்டுவதை நிறுத்தாமல் சிரித்தார்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். படிச்ச புள்ளைக்குக் கேமரா கோணலாப் போச்சா?”

“படம் ஆடுது மாமா.”

“நாய் ஆடுது. அதை அடக்கத் துப்பில்ல, கேமராவைக் குறை சொல்றியா? ஆடாம எடு, போ.”

அடக்கு என்று சொன்னவர் அவர். அதை மறந்துவிட வேண்டாம்.

நகம் வெட்டும்போது பயந்து கடிப்பவற்றுக்காக அலமாரியில் ஒரு சொட்டு மருந்து இருந்தது. கொஞ்சம் கொடுத்தால் கண் சொக்கும். தலை மட்டும் நிமிர்ந்திருக்கும். படங்கள் தெளிவாக விழுந்தன. மீசை மயிரைக்கூட எண்ணலாம். “எங்க வீட்டு ரவுடியா இது?” என்று ஒருவர் கேட்டார். நானும் சிரித்தேன்.

தையற்கார அக்காவின் நாய்க்குப் பம்பரம் என்று பெயர். பெயருக்கேற்ற நாய். வழக்கமான அளவுக்கு அது அடங்கவில்லை. மறுபடி கொடுத்தேன். படம் அருமையாக வந்தது. பம்பரம் எழுந்திருக்கவில்லை.

“இதயம் வீக்கா இருந்திருக்கும்மா, பாவம்” என்று மாமா அக்காவிடம் சொன்னார். அவள் படத்தை என்னிடம் காட்டினாள். “கடைசியா எவ்வளவு சமத்தா உக்காந்திருக்கு பாரு.” பார்த்தேன். அவள் போன பிறகு மாமா மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அந்தப் படத்தில் இன்னொரு பிரதி போட்டு வாசல் கண்ணாடியில் மாட்டச் சொன்னார்.

அதைப் பார்த்துக் கூட்டம் வந்தது. நான் மறுபடி கேட்டேன்.

“இதுலயே கல்லு மாதிரி வருதே, இன்னொண்ணு எதுக்கு?”

“அப்ப சான்றிதழைக் குடுங்க. வேற வேலை பாத்துக்கறேன்.”

“நாய்க்கு மருந்து வச்சவள்னு நான் வாயைத் தொறந்தா உனக்கு எவன் வேலை குடுப்பான்? பேசாம இரு.”

மோசமாக எடுத்திருந்தால் என்றோ துரத்தியிருப்பார். நன்றாக எடுத்துத்தான் நான் மாட்டிக்கொண்டேன். கூண்டுக்குள் இருப்பவற்றைச் சாயங்காலம் யாராவது வந்து கூட்டிப் போவார்கள். என்னைக் கூட்டிப் போக வேண்டிய அம்மாதான் என்னை அங்கே விட்டவள்.

இன்று காலை மாமா புதுச்சட்டை போட்டு வந்தார். கடைப் பலகைக்கு அவர் படம் வேண்டுமாம். நாற்காலியில் உட்கார்ந்து காலாட்டினார்.

“எங்க, என்னை ஆடாம எடு பாப்போம்.”

“முதல்ல டீயைக் குடிங்க மாமா.”

புட்டியில் மிச்சமிருந்தது முழுவதும் அந்த டீயில் இருந்தது. நான்தான் ஊற்றினேன்.

கால் நின்றது. எதிரே உட்கார்ந்து மூச்சும் நிற்கும்வரை காத்திருந்தேன். “தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்டி, மாமா உன்னைக் கைவிட மாட்டாரு” என்பாள் அம்மா. எனக்கு ஆடவில்லை. கேமராவைப் பிடித்த கைகூட ஆடவில்லை. அவர் இமை மயிர்வரை தெளிவாக விழுந்தது.

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தேன். சான்றிதழை எடுத்துக்கொண்டேன். பக்கத்துத் தெருக் கடை திறந்திருக்கும். எதை எடுப்பது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. போகும்போது கூண்டுகளைத் திறந்துவிட்டேன். எல்லாம் என்னை முந்திக்கொண்டு தெருவுக்குப் பாய்ந்தன. வாசற்படியில் இறங்கிக்கொண்டே பழைய கேமராவைத் தூக்கி ஒன்று எடுத்துப் பார்த்தேன்.

படம் ஆடியிருந்தது. நான் அன்றைக்கே சொன்னேன், தப்பு கேமராமேல்தான் என்று.