பன்னெண்டாவது அடி

இல்லீங்க, நீங்க ஓட்டினது தப்பே இல்ல. கால நீட்டுங்க, கொஞ்சம் எரியும். அவ்ளோதான். தண்ணி குடிங்க. அந்தக் குழியில உழுந்துட்டு என் வூட்டுல வந்து உக்கார்ற ஒம்பதாவது ஆளு நீங்க. எண்ணிகினுதான் இருக்கேன்.

ஏன் சரியா அங்கயே குழின்னு கேட்டீங்களே. மழை இல்லீங்க. கான்ட்ராக்டர் மேலயும் தப்பில்ல, ஒழுங்காதான் போட்டான். ஸ்பீட் பிரேக்கர் இருக்குதா, அதுல ஏறி எறங்கற ஜல்லி லாரி ஒரு குதி குதிக்கும். பன்னெண்டு அடி தள்ளி மொத்த வெயிட்டையும் ரோட்டுல எறக்கும். எல்லா லாரியும் அதே எடத்துல. நிக்கறப்போ பத்து டன்னுன்னா அங்க பதினாலு. மூடுவாங்க, மூணு மாசத்துல திரும்பப் பேந்துரும்.

எனக்கு எப்படித் தெரியுமா? இஞ்சினியரிங் காலேஜ் வாத்தியாருங்க நானு. இந்த சேவூர் ரோட்ட அப்படியே கம்ப்யூட்டர்ல போட்டேன். தாரு, ஜல்லி, மண்ணுன்னு அடுக்கு அடுக்கா. மேல லாரிய வுட்டேன். எங்க உடையும், எத்தினி மாசத்துல உடையும், எல்லாம் சொல்லிச்சி. ஸ்பீட் பிரேக்கர் போடறதுக்கு முன்னாடியேங்க.

சொல்லியிருக்கலாம், ஆமா. தெருவுல தறி நூலு பாவு நீட்டறப்போ லாரி ஒரசிகினு போவுது, ஸ்பீட் பிரேக்கர் வேணும்னு ஜனங்க மனு எழுதுனாங்க. வூடு வூடாப் போயி கையெழுத்து வாங்கினது என் சம்சாரம் புஷ்பலதா. வாத்தியாரே, உங்க கம்ப்யூட்டரு என்னா சொல்லுதுன்னு சிரிச்சிகினே கேட்டா. ஒண்ணும் சொல்லலன்னுட்டேன்.

ரோடு உடையணும்ங்க. உடைஞ்சாதான் என் கணக்கு சரின்னு ஆவும். இருவது வருஷமா எவனோ அளந்து குடுத்தத வெச்சி ஆராய்ச்சின்னு எழுதிகினு இருந்தவன் நான். ஞாயித்துக்கிழமையானா ரோட்ட அளக்க டேப்ப எடுத்துகினு போயிருவேன். மொதல் விரிசல் பாத்தன்னிக்கி மைசூர்பாகு வாங்கியாந்தேன். என்னாத்துக்குன்னு கேக்காமயே சாப்ட்டா.

மெதுவா பேசுங்க, உள்ளதான் படுத்துகினு இருக்கா. ஆமா, அதே குழி. ஸ்கூட்டில போனா. இடுப்புக்குக் கீழ அசைவில்ல, பதினோரு மாசம் ஆவுது. ஸ்பீட் பிரேக்கர நான்தானே கேட்டு வாங்கினேன்னு அவளயே அவ திட்டிகினு கெடக்கறா. நானும் கேட்டுகினு உக்காந்திருக்கேன்.

டேப்பா? அந்த ஆணியில மாட்டிடுங்க. அவ உழுந்தன்னிக்கி எதிர்வூட்டு ஜெயத்தோட அவள ஆட்டோவுல ஏத்தி அனுப்பிட்டேன். நான் பின்னாடியே பைக்குல போனேன். ஒடனே இல்லீங்க. குழிய அளந்துட்டுப் போனேன்.