நாலு சேனல் மட்டும் வரவில்லை

பகல் மூணு மணி. வெள்ளிமலையைத் தாண்டி ஒரு மண்பாதை. ஆள் இல்லை, ஆடு மாடு இல்லை... ஒரே ஒரு பைக் சத்தம். பேய் ராத்திரியில்தான் வரும் என்று எந்த மடையன் சொன்னானோ! சிரிக்காதீர்கள், முழுசாகக் கேளுங்கள். இந்த மறியலில் நம் பஸ் எப்படியும் விடியும்வரை நகராது. ஜன்னலை மூடிவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள்.

பைக்கில் போனவன் காசிநாதன். என் கூட்டாளி பழனியின் தங்கை புருஷன், கள்ளக்குறிச்சியில் டிஷ் மெக்கானிக். இதே இடஒதுக்கீட்டுப் போராட்டம் போன மாசம் சூடுபிடித்தபோது நடந்தது. அன்று காலையில்தான் அவன் மனைவி மணிமொழியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தலைப்பிரசவம். ராத்திரிக்குத்தான் ஆகும் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து இருசப்பன் என்கிற விவசாயியின் போன்.

"தம்பி, பாட்டு வருது, சினிமா வருது. நியூஸ் சேனல் நாலு மட்டும் வரல. எங்க மறியல்னு தெரியாம மரவள்ளிய எப்படி வண்டி ஏத்துறது?"

ஆறு மணிக்கு மேல் அடிவாரத்து ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டுவிடுவார்கள் என்று பேச்சு. அதற்குள் திரும்பிவிடலாம் என்று கிளம்பினான். "சீக்கிரம் வந்துடுங்க, பயமாக்கீது" என்றாள் மணிமொழி.

சரிவில் ஒற்றை வீடு. மேலே தளம். கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே டிவி ஓடியது. கூப்பிட்டான். "ஏணி சைடுல கீது, ஏறிக்கோங்க" என்று ஒரு பெண் குரல். போனை பைக் பையிலேயே விட்டுவிட்டு ஏறினான்.

இந்த வேலை எப்படி என்று தெரியுமல்லவா? மேலே ஒருவன் டிஷ் குடையைத் திருப்புவான், கீழே ஒருவர் டிவியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தொண்டைதான் சிக்னல் மீட்டர். கீழே இருப்பவர் "வந்துடுச்சு" என்று சொல்லும்வரை மேலே இருப்பவன் இறங்க மாட்டான்.

வயர் முனையில் பச்சைக் களிம்பு. வெட்டிச் சீவி மாட்டினான். "வந்துச்சாம்மா?"

"வரலீங்க."

குடையை நூல் அளவு நகர்த்தினான். "இப்போ?"

"வரலீங்க."

பலாமரத்துக் கிளை ஒன்று தளத்தின் மேல் வரை வளர்ந்து மறைத்தது. அதையும் வெட்டித் தள்ளினான். "வரலீங்க."

அதற்குள் இருசப்பன் கொல்லையிலிருந்து வந்து, அதே ஏணியில் ஏறி, குடையைப் பிடித்துக்கொண்டார். நாலரை... ஐந்து... ஐந்தேகால். "வரலீங்க." அதே குரல், அதே நிதானம். கோபமும் இல்லை, சலிப்பும் இல்லை. கீழேயிருந்து தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்புச் சாம்பல் வாடை வேறு.

காசிநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. "அண்ணே, உங்க வூட்டுக்காரம்மாவுக்கு ரொம்பப் பொறும. வேற யாராவதா இருந்தா திட்டியிருப்பாங்க."

இருசப்பன் குடையை விட்டுவிட்டார். "எனக்கு இன்னா வூட்டுக்காரி? ஒண்டி ஆளு நானு. அது நீ கூட்டிக்கினு வந்த பொண்ணு இல்லியா?"

அப்போது... கர்ர்ர்... சுவரோடு ஏதோ உரசுகிற சத்தம். ஓடிப்போய் எட்டிப் பார்த்தார்கள். ஏணி தரையில் கிடந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

"வந்துடுச்சு" என்றது உள்ளேயிருந்து அந்தக் குரல். "ரெண்டு பேரும் இறங்கி வாங்க."

யார் இறங்குவது? எதில் இறங்குவது? பின்பக்கம் பாறைச் சரிவு. கை கொடுத்திருக்கக்கூடிய கிளையைத் தன் கையாலேயே வெட்டித் தள்ளியிருந்தான், பாவி. இருசப்பனின் போனும் வீட்டுக்குள். கத்தினார்கள், கேட்க ஆள் இல்லை. பொழுது வேறு சாய்ந்துகொண்டிருந்தது. மணிமொழியின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. காசிநாதன் செருப்பைக் கழற்றி எறிந்தான்.

"அண்ணே, நான் மரத்துக்குத் தாவுறேன். நீங்களும் வாங்க."

"முட்டி புடிச்சுக்கினு கீதுப்பா. என்னால ஆவாது." அந்த மனுஷன் இவன் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன ஒண்டியா வுட்டுடாத தம்பி."

"மொத வூட்ல சொல்லி ஆளும் ஏணியும் அனுப்புறேண்ணே. எம் பொண்டாட்டி மேல சத்தியம்."

தாவினான். மரத்தைக் கட்டிக்கொண்டு, நெஞ்சுத் தோல் உரிய வழுக்கி விழுந்து, ஏணிப் பக்கமே திரும்பாமல் பைக்கை எடுத்தான். முதல் வீடு வந்தது. நிறுத்தவில்லை. இரண்டாவது வீட்டில் ஆட்கள்கூட நின்றார்கள். நிறுத்தவில்லை. நிறுத்தினால் பின் சீட்டில் ஏதாவது ஏறி உட்காரும் என்று பயமாம்! மனுஷன் செய்கிற காரியமா இது? அதுவும் யார் மேல் சத்தியம் பண்ணிவிட்டு?

ஒன்பது மணிக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். எல்லோரும் சிரித்தார்கள், இவனுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. விடிந்ததும் சந்துபொந்தெல்லாம் புகுந்து மலைக்குப் போனான்.

ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. இருசப்பன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், உயிரோடு. உள்ளே நியூஸ் ஓடியது. காசிநாதன் அவர் காலிலேயே விழுந்துவிட்டான். "மன்னிச்சுடுங்கண்ணே..."

"ஏந்திரி தம்பி, உங்கிட்ட இன்னா தப்பு?" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெத்த புள்ளகூடச் செய்யாது. சொன்ன மாதிரியே இருட்டுறதுக்குள்ள திரும்பி ஏறி வந்து, விடிய விடிய எங்கூட உக்காந்திருந்தியே. அந்தக் கும்மிருட்டுல உம் மூஞ்சிகூடத் தெரியல, ஆனா கையப் புடிச்சுக்கினே இருந்த."

காசிநாதன் ஏணியைத் திரும்பிப் பார்த்தான்.

"பயத்துல தொண்ட கட்டிக்கிச்சா இன்னா? ராத்திரி பூரா ஏன் தம்பி பொம்பளக் கொரல்லியே பேசின?"