பாலில் விஷம் இருப்பது யாருக்குத் தெரியும்

ராயபுரத்தில், டீக்கடையை ஒட்டிய பஸ் ஸ்டாப். துறைமுகத் தொழிலாளிகள் இருவர். மூத்தவர் எரிந்து விழுந்தார்.

"பால்ல விஷம் கீதுன்னு உனக்கு எப்டிப்பா தெரியும்?"

"நாடகம் பூரா எனக்கு மனப்பாடம் மாமு. தெரியாம இருக்குமா?"

"உனக்குத் தெரியும். நீ போடுற அண்ணன் வேஷத்துக்குத் தெரியாதே! தம்பிக்காரன் டம்ளர நீட்டும்போதே மூஞ்சிய சுளிக்கிற. இன்னிக்கு ஒத்திகையிலயும் சுளிச்சின்னா வேஷம் வேற ஆளுக்குப் பூடும்."

"பூடாது. என் வேஷத்த எவனுக்கும் வுட மாட்டேன்."

மூத்தவர் தன் டீயை நீட்டினார். "நான்தான் தம்பி. இதான் விஷம். குடி, பாக்கலாம்."

என் பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

இளையவர் ஒரே மடக்கில் குடித்தார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

"தம்பி, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா?" என்று ஆசையாகக் கேட்டார்.