வெட்டாத சட்டையோடு விடைபெறும் நூற்கலைஞர் கல்யாணசுந்தரி அவர்களுக்கு

கந்தலைக் காகிதமாக்கி, காகிதத்தைக் கலையாக்கி, கரிசல் பூமிக்குப் பெருமை சேர்த்த கைகளுக்குச் சொந்தக்காரரே, எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரியவரே, கோவில்பட்டி கைத்தாள் கூடத்தின் நூற்கலைஞர் திருமதி கல்யாணசுந்தரி வன்னியபெருமாள் அவர்களே, வணக்கம்.

இந்த மடலை அழாமல் வாசிக்க ஆள் தேடினோம், கிடைக்கவில்லை. அழுதாலும் நிறுத்தாமல் வாசிப்பார் என்று நம்பி, தங்களோடு தாள் எடுக்கும் விஜியிடம் கொடுத்திருக்கிறோம். குரல் தடுமாறினால் பொறுத்தருள வேண்டும்.

புதியம்புத்தூர்த் தையல் கம்பெனிகள் வெட்டி ஒதுக்கிய வெள்ளைத்துணி மூட்டை மூட்டையாய் வந்திறங்க, அதை ஊறவைத்து, அரைத்துக் கூழாக்கி, தொட்டியில் கரைத்து, சல்லடையால் அள்ளித் தாளாய் எடுத்த தங்கள் திறத்தை என்னவென்று சொல்வது! கல்யாண அழைப்பிதழுக்குத் தாள் விற்றுக்கொண்டிருந்த கூடம் இது. நூல் என்பது படிக்கும் புத்தகம் மட்டுமல்ல, ஓவியமாகவும் நிற்கும் என்று காட்டி இதைக் கலைக்கூடமாக்கியவர் தாங்கள். தீப்பெட்டிக்குள் அடங்கி, இழுத்தால் கை நீளத்துக்கு விரியும் நூல், கரிசல் மண்ணைக் கரைத்துச் சாயமேற்றிய நூல், பருத்திக்காய் வெடித்ததுபோல் நாற்புறமும் திறக்கும் நூல் என்று தாங்கள் படைத்தவை பலப்பல. நம்மூர் ஓவியர் வட்டம் ஆண்டுதோறும் நடத்தும் கண்காட்சியில், சுவரில் தொங்கும் படங்களை விட்டுவிட்டு மேசையில் கிடக்கும் தங்கள் நூல்களைச் சுற்றித்தான் கூட்டம் மொய்க்கும். அதில் ஓவியர்களுக்குத் தங்கள்மேல் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

கனிவின் இருப்பிடமே என்று தங்களை அழைக்க ஆசைதான். ஆனால் ஈரக்கையோடு தாளைத் தொட்டவர் எவரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "ஏட்டி, அது தாளா, உங்க வீட்டுக் கரித்துணியா?" என்று தாங்கள் ஏசாத ஆள் இக்கூடத்தில் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தாங்கள் இங்கே ஏற்படுத்திய வழக்கம் ஒன்றுண்டு. இறந்தவர் உடுத்திய பருத்தி உடையை வீட்டார் கொண்டுவருவார்கள். தாங்கள் அதை வெட்டி, அரைத்து, தாளெடுத்து, வெற்று நூலாகத் தைத்துக் கொடுப்பீர்கள். சிலர் அதில் எழுதுவார்கள், சிலர் எழுத மனமின்றித் தலைமாட்டில் வைத்துக்கொள்வார்கள். "பொட்டில கெடந்தா பூச்சி அரிக்கும். தாளாக்கிட்டா கையில வச்சுக்கிடலாம்லா" என்பீர்கள். அதை நம்பி வந்தவர்கள் எத்தனையோ பேர்.

கடைப் பலகைகளிலும் பேருந்துகளின் நெற்றியிலும் பெயரெழுதி வாழ்ந்தவர், ஓவியர் வட்டத்துக்குத் தூணாய் நின்றவர், தங்கள் துணைவர் வன்னியபெருமாள் அண்ணாச்சி. சென்ற ஆண்டு அவர் மறைந்தபோது, அவர் வேலைக்கு உடுத்திய வெள்ளைச் சட்டையைத் தாங்களும் இங்கே கொண்டுவந்தீர்கள். மேசையில் விரித்தீர்கள், கத்தரியை எடுத்தீர்கள், வைத்துவிட்டீர்கள். "நாளைக்குப் பாப்போம்" என்றீர்கள். அந்த நாளை வரவேயில்லை.

ஓய்வு நாள் நெருங்கியது. மகள் ஐஸ்வர்யாவோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டால் அங்கே தொட்டி ஏது, அரைக்கும் இயந்திரம் ஏது? ஓவியர் வட்டத்தாரும் இவ்வாண்டுக் கண்காட்சியின் நடுமேசையை அண்ணாச்சியின் சட்டையில் பிறக்கப்போகும் நூலுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். சென்ற மாதம் ஒருநாள் சட்டையை மறுபடி எடுத்த தாங்கள், அதை முகத்தோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றீர்கள். பிறகு விஜியிடம் சொன்னீர்கள்.

"அரைச்சா வாசம் போயிரும்லாட்டி. டர்பன்டைனும் வெத்தலையுமா அவிய வாசம் இதுல இன்னும் இருக்கு. ஊர்ல உள்ளவியகிட்டல்லாம் இதச் சொல்லாமலேல்லா துணிய வாங்கி அரைச்சிருக்கேன்."

அன்று முதல் தங்களுக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனை பேரின் கடைசி உடைமையைத் தண்ணீரில் கரைத்துவிட்டோமோ என்று மருகினீர்கள். பொறுக்காமல் விஜியைக் கூட்டிக்கொண்டு ஓட்டப்பிடாரம் பக்கம் சீனித்தாய் அம்மாளின் வீட்டுக்குப் போனீர்கள். விபத்தில் போன மகன் பேச்சிராஜாவின் சட்டையை, எல்லாருக்கும் முதல் ஆளாகத் தங்களை நம்பிக் கொடுத்தவர் அவர். வாசலில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்த அவரிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். அவர் கைவேலையை விடாமலே பதில் சொன்னார்.

"வாசம் இருக்கும்போது குடுப்பனா தாயி? தெனம் எடுத்து மோந்து பாப்பேன். ஒருநா எடுத்தா வெறுந்துணியா இருந்துச்சு. அன்னைக்குத்தான் பஸ் ஏறி உங்கிட்ட கொண்டாந்தேன்."

தாங்கள் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுததாக விஜி சொன்னார். அண்ணாச்சி போன நாளில்கூடத் தாங்கள் அழுது நாங்கள் பார்த்ததில்லை.

எங்கள் போற்றுதலுக்குரியவரே, அந்தச் சட்டை இன்று தங்களோடு வீட்டுக்கு வரட்டும். கண்காட்சியின் நடுமேசை இவ்வாண்டு வெறுமையாகவே இருக்கும். ஓவியர் ராமசுப்பு மட்டும் முதலில் முணுமுணுத்தார். சீனித்தாய் அம்மாள் சொன்னதைச் சொன்னோம், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

நோயின்றி, குறையின்றி, மகளும் பேரப்பிள்ளைகளும் சூழத் தாங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறோம். அண்ணாச்சியின் வாசமும் அந்தச் சட்டையில் அத்தனை காலம் தங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். வேண்டினாலும் அது தங்காது என்பது எங்களுக்குத் தெரியும். அது போன அன்று, தூத்துக்குடியில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டாம். நேரே இங்கே வந்துவிடுங்கள். கத்தரி பிடிக்கத் தங்களுக்குக் கை வராது. நாங்கள் வெட்டித் தருகிறோம்.

தங்கள் ஏச்சு கேளாத காலைப்பொழுதுகளை எப்படிக் கழிப்பது என்றறியாத,
கைத்தாள் கூடப் பணியாளர்கள்,
கோவில்பட்டி.