பார்க்க மட்டும் வந்தவள்

அடுத்தவர் வீட்டு நாற்காலிகளைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் இந்த ஊரில் இருக்க மாட்டார்கள், அம்மா. சாய முடியாதவை, ஒரு கால் குட்டையானவை, துணி மடித்து வைக்கவே பிறந்தவை. எதில் உட்கார்ந்தாலும் சற்று நேரத்தில் என் முதுகு முனக ஆரம்பித்துவிடும். நீங்களும் காலையிலிருந்து இந்த ஸ்டேஷனில் அதே நாற்காலியில்தான் இருக்கிறீர்கள். எழுந்து கொஞ்சம் காலை நீட்டிக்கொள்ளுங்கள். நான் எங்கேயும் போய்விட மாட்டேன்.

உட்கார்ந்து பார்ப்பதுதான் என் வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து படுத்த படுக்கையாக வீடு திரும்புகிறவர்களுக்கு உதவ, பராமரிப்புப் பெண்களை அனுப்பும் திட்டம் இது. காகிதத்தில் போட்டபடியேதான் வீட்டிலும் நடக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டுமே. கையைக் கழுவினாளா, நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்தாளா, சின்னக் கரண்டியால் ஊட்டினாளா, இருமல் வந்தால் நிறுத்தினாளா. பார்க்கலாம், தொடக்கூடாது, சொல்லிக்கொடுக்கக் கூடாது. நாம் வாயைத் திறந்தால் அவர்கள் நமக்காகச் செய்வார்கள். நாம் போனதும் பழைய குருடிதான். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் நான் சொல்வது ஒன்றுதான்: “நான் இங்க இல்லேன்னு நெனச்சுக்கோங்க.”

உயிருக்கு ஆபத்தென்றால் குறுக்கிடலாம் என்றும் விதி இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. ஆபத்து எந்த இடத்தில் தொடங்குகிறது என்றுதான் அதில் சொல்லவில்லை.

நான் வாரா வாரம் போன வீட்டு அம்மாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, விழுங்குவதும் சிரமம். நாக்கு குழறினாலும் குசும்பு குறையவில்லை. என்னைக் கண்டதும், “வந்துட்டாங்க பரீட்சை டீச்சர். இன்னிக்காவது என்னைப் பாஸ் போடுவீங்களா?” என்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மகள் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். காலையில் கிளம்பும் முன் அம்மாவை நிமிர்த்தி, முதுகுக்கு உயரமான தலையணை ஒன்றை அண்டைகொடுத்துவிட்டுப் போவாள். பராமரிப்புப் பெண் பிறகு வந்து ஊட்டுவாள். அவளுக்கு அந்தத் தெருவில் புயல் என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. கெட்டவள் இல்லை. ஒரு வீட்டில் நின்றுகொண்டே அடுத்த வீட்டுக்கு நடப்பவள்.

இதில் என் சிக்கலைப் பாருங்கள். நிமிர்த்தி உட்கார வைப்பதுதான் திட்டத்திலேயே முக்கியமான படி. அதைச் செய்ய வேண்டியவள் புயல். மகள் முந்திக்கொண்டு செய்துவிட்டால், புயல் செய்வாளா மாட்டாளா என்று நான் எப்படிச் சொல்வது? வாரா வாரம் அந்த இடத்தில் ‘மதிப்பிட இயலவில்லை’ என்றே எழுதினேன். மேலதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார்: “என்ன மேடம், பஸ் ஏறிப் போறீங்க, வர்றீங்க. எது வேணுமோ அதை மட்டும் பாக்காம வந்துர்றீங்க. வீட்டுலயே இருந்து எழுதியிருக்கலாமே.” அவர் பக்கம் நியாயம் இருந்தது.

மகளிடம் சொல்லிப் பார்த்தேன். “நீங்க வைக்காதீங்கம்மா, அவங்க வந்து வைக்கட்டும்.”

“அது முடியாதுக்கா. நான் வெச்சுட்டுப் போனாத்தான் அங்க எனக்கு வேலையில கை ஓடும்” என்றாள்.

அன்று நான் சீக்கிரமே போய்விட்டேன். மகள் கதவைச் சாத்திக்கொண்டு என்னைத் தாண்டித்தான் போனாள். “உள்ள போங்கக்கா, நீங்க இருக்கீங்கன்னா எனக்கு நிம்மதி” என்றாள். அம்மா தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாங்கிப் பிடித்து, தலையணையை உருவி, மெதுவாகப் படுக்க வைத்தேன். வலிக்காமல்தான் செய்தேன்.

“ஏன் டீச்சர்?” என்றார்.

“அவங்க வந்து வைப்பாங்கம்மா.”

“நீங்க சொன்னா சரிதான்” என்றார்.

புயல் வந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவருக்கே தினமும் ஊட்டிப் பழகியவள். “என்னம்மா, இன்னிக்கு மகாராணிக்குப் படுக்கையிலேயே சாப்பாடா?” என்று கேலி செய்தாள். ஒரு கையால் தலையைத் தூக்கிப் பிடித்து, மசித்த சாப்பாட்டைக் கரண்டியில் எடுத்தாள். எடுத்தவள் என் பக்கம் திரும்பினாள். “டீச்சர், இப்படியே ஊட்டலாமில்ல?”

நான் அங்கே இல்லை. நான் பேசாமல் இருந்ததைச் சரி என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

முதல் இருமல் வந்தது. இருமினால் நிறுத்த வேண்டும் என்பது அடுத்த படி. செய்கிறாளா என்று பார்க்க வேண்டியிருந்தது. அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது இருமலுக்கும் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு வந்தது இருமல் இல்லை.

கரண்டியைப் போட்டுவிட்டு அவள் அம்மாவை வாரித் தூக்கினாள், முதுகில் தட்டினாள், கத்தினாள். அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள். மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தலையணை வைத்துவிட்டுத்தான் போனேன் என்று மகள் உங்களிடம் சத்தியம் செய்கிறாள். நான் வந்தபோது தலையணையே இல்லை என்று புயல் அழுகிறாள். ஒருத்தியை ஒருத்தி பொய்க்காரி என்கிறாள். புயலுக்கு வேலை போய்விட்டது, நாளைக்கு அவளை உள்ளே வைப்பீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் வந்தேன். இரண்டு பேரும் சொல்வது உண்மை. இருவரும் அசதியில் இருக்கிறார்கள், பாவம். அவர்களை வீட்டுக்கு அனுப்புங்கள்.

என்மேல் தப்பு என்று சொல்ல வரவில்லை, அம்மா. அந்தப் படி நடக்கவில்லை என்று அன்று நான் எழுதியது இன்றைக்கும் சரிதான். வேறு எத்தனையோ வீடுகளில் இனி ஒழுங்காக நிமிர்த்தி உட்கார வைப்பார்கள். அதற்காகத்தானே போனேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, புயல் அவரை ஒரு கையால் தாங்கியபடி கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் துழாவினாள். “தலகாணி எங்க, டீச்சர், தலகாணி எங்க” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் எழுந்திருக்கவில்லை. அது என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இத்தனை வருஷத்தில் எனக்கு முதுகு வலிக்காத நாற்காலி அது ஒன்றுதான்.