சுவிட்சம்மாவின் ஐந்து கேடயங்கள்

"ஹலோ... ஹலோ, கரண்ட்டண்ணே, நாலாவது மாடியிலேருந்து பேசறேன்... ஆமா... ஆமா, சுவிட்சம்மாதான். நீங்களும் அப்படியே கூப்பிடுங்க, நல்லாருக்கு... சரி சரி, அதை விடுங்க. மீட்டரைப் பாருங்க. எவ்வளவு ஓடியிருக்கு?... என்னது?... கால் யூனிட்டா? முக்கால் மணி நேரத்துக்குக் கால் யூனிட்டா? அண்ணே, கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க!"

தலைமை எழுத்தர் அம்மாவுக்குச் சுவிட்சம்மா என்ற பட்டம் சும்மா வரவில்லை. ஐந்து வருடமாக, ஒருவர் எழுந்து போனால் நாற்காலிச் சூடு ஆறுவதற்குள் அவர் தலைக்கு மேலிருந்த மின்விசிறியை அணைத்துவிடுவார். ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவர்களுக்கு விளக்கே கிடையாது, சூரியன் எதற்கு இருக்கிறது என்பார். தட்டச்சர் ஒரு கையால் கோப்பு அட்டையை விசிறிக்கொண்டு மறு கையால் தட்டச்சு செய்யவே பழகிவிட்டாள். இதற்கெல்லாம் கூலியாக, மின்சிக்கனக் கேடயம் வருடம் தவறாமல் நாலாவது மாடிக்கே வந்தது. ஐந்தும் பீரோவின் மேல் வரிசையாக நின்றன. அவற்றைத் துடைக்கும் வேலையை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்தக் கேடயங்களே இப்போது கழுத்துக்கு வந்திருந்தன. கட்டடப் பயன்பாட்டுப் பிரிவு என்று புதிதாக ஒன்று முளைத்து, 'மின்சாரம் செலவாகாத தளத்தில் ஆட்கள் இல்லை எனக் கருதப்படும்' என்று கடிதம் போட்டிருந்தது. நாலாவது மாடியைக் காலி செய்து, ஊருக்கு வெளியே ஒன்றரை மணி நேரப் பேருந்துத் தூரத்தில் இருக்கும் புது வளாகத்துக்கு மாற்றுவார்களாம். இவர் ஆட்சேபம் எழுதினார். சரி, ஒரு மணி நேரம் மறுபடி அளந்து பார்க்கிறோம், ஆறு யூனிட் ஓடினால் இருங்கள் என்று பதில் வந்தது. இன்று காலை பத்து மணிக்கு அளவீட்டு அதிகாரி கீழ்த்தளத்து மீட்டர் அறையில் எல்லாத் தளத்து எண்ணையும் குறித்துக்கொண்டு டீ குடிக்கப் போயிருந்தார். பதினோரு மணிக்கு வருவார். அதுவரை மீட்டரைப் பார்த்துச் சொல்ல எலெக்ட்ரீஷியன் கரண்ட்டண்ணன் அங்கே நின்றிருந்தார்.

"ஏன் ஓடலைன்னு என்னைக் கேக்கறீங்களே! எல்லாத்தையும் போட்டுட்டேன் அண்ணே... ஃபேன் இருபத்தி நாலு. ஆளில்லாத நாற்காலிக்கும் காத்து வருது... லைட்டு நாப்பது. கெட்டில்ல தண்ணி கொதிக்குது, குடிக்க ஆளில்லை, மறுபடி கொதிக்குது... ம்... ம்... நானா? நான்தான் போட்டேன். அஞ்சு வருஷமா அணைச்ச கை... சிரிக்காதீங்க!"

அவர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு கூடத்தைப் பார்த்தார். மின்விசிறிகள் ஒன்றாகச் சுழன்றதில் காகிதங்கள் ஆளுக்கொரு திசையில் பறந்தன. பதிவு எழுத்தர் சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஐந்து வருடத்தில் அவர் முகத்தில் இப்படி ஒரு நிம்மதியைத் தலைமை எழுத்தர் பார்த்ததில்லை.

"ஹலோ, இருக்கீங்களா?... தலையை எண்ணச் சொன்னா மீட்டரை எண்ணறானுங்க அண்ணே. மேல ஏறி வந்தா பதினெட்டுப் பேரு உக்காந்திருக்கோம்... அந்த அதிகாரி வர மாட்டாராமா? ஏன்?... ஓ... லிப்ட்டு ரெண்டாவது மாடியோட நிக்குது, அவருக்கு முட்டி வலி. நல்லாருக்கு நியாயம்! அவரு முட்டி வலிக்கு எங்க மாடியைக் காலி பண்ணணுமா?... இல்லை, நான் கத்தலை... சரி, கத்தினேன். எனக்கு ஒரு மணிக்கு வீட்டுக்குப் போகணும் அண்ணே. உங்களுக்குத்தான் தெரியுமே... ஆமா, தம்பிக்குத்தான்."

தம்பிக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்து நாலு வருடமாகிறது. வீடு அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். பார்த்துக்கொள்ள வந்த இரண்டு ஆயாக்களை அவன் திட்டியே விரட்டிவிட்டான். அக்கா கையால் ஊட்டினால் மட்டும் வாயைத் திறப்பான், அதுவும் திட்டிக்கொண்டுதான். உப்பு இல்லை, சூடு இல்லை, நீ நேரத்துக்கு வந்து என்னத்தைக் கிழித்தாய் என்பான். அந்தத் திட்டைக் கேட்காத நாளில் இவருக்கும் சாப்பாடு இறங்காது. ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போய்விட்டால் அவன் சாயங்காலம் வரை பட்டினிதான்.

"இருங்க... இருங்க, ஒரு யோசனை. பெரிய அதிகாரி ரூம்ல ஏசி இருக்குல்ல, அதையும் போட்டுடறேன்... இல்லை, இன்னும் யாரையும் போடலை. அவரு மாத்தலாகிப் போய்ப் பதினாலு மாசமாச்சு... சாவி என்கிட்டதான் இருக்கு. அதிகாரி இல்லாம அதிகாரி ரூமைத் தொறக்கக் கூடாது, அதான் வழக்கம், அதனால தொறக்கலை... இன்னிக்கு வழக்கமாவது ஒண்ணாவது! ஏம்மா, இந்தா சாவி, ஓடு. ஏசியைப் போட்டுட்டு வா. கதவை நல்லா சாத்து... அண்ணே, ஆளு போயிருக்கு. இப்பப் பாருங்க மீட்டரு பேயாட்டம் ஆடும்."

தட்டச்சர் போன வேகத்தில் திரும்பி வந்தாள். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நடுங்கினாள்.

"என்னம்மா, போட்டியா?... என்ன சொல்றே? ஏற்கெனவே ஓடுதா?... நீ போட்டதுக்கு அப்புறமா, முன்னாடியா?... பதினெட்டு டிகிரியா?... அடிப்பாவி!... அண்ணே... அண்ணே, கேட்டீங்களா? பதினாலு மாசமா ஓடியிருக்கு அண்ணே. மனுஷன் அணைக்காமப் போயிருக்காரு. ராத்திரி, பகல், ஞாயித்துக்கிழமை எல்லாம். காலி நாற்காலிக்கு ஜன்னி வந்திருக்கும்... சத்தமா? கேட்டுச்சு. மாடித் தண்ணி மோட்டாருன்னு நெனச்சேன்... ஐயோ, என் மூக்குக்குக் கீழே! பென்சில் சீவறவன் தலைக்கு மேல ஃபேன் சுத்தினா ஓடிப்போய் அணைச்சேனே!"

அவமானம் அவர் காதில் சூடாக ஏறியது. பீரோ மேலிருந்த கேடயங்களைப் பார்க்கக் கூசியது.

"ஹலோ?... லைன்ல இருக்கீங்களா?... என்ன சொல்றீங்க?... ஆமா, பதினாலு மாசம்... ஆமா, ஏசி மட்டுமே மணிக்கு ஒண்ணரை, ரெண்டு யூனிட் இழுக்கும்னு எனக்கும் தெரியும்... ஆமா... ம்... அப்ப?... அப்ப எப்படிக் கால் யூனிட்டு? அதைத்தானே நானும் கேக்கறேன்!... எது?... பக்கத்து மீட்டரா? அது மூணாவது மாடியோடதாச்சே. அங்க என்ன?... பேயாட்டம் ஆடுதா? அங்க யாரு இருக்கா? ரெண்டு பேரு வருவாங்க, ஒருத்தரு கையெழுத்துப் போடுவாரு, ஒருத்தரு அதைப் பாத்துக்கிட்டுப் போவாரு..."

அவருடையது முப்பது வருடம் கோப்பு பார்த்த மூளை. எந்தத் தாள் எந்தக் கோப்பில் தவறிப்போய்ச் சேர்ந்திருக்கும் என்று மோப்பம் பிடிக்க அதற்கு அதிக நேரம் ஆகாது.

"அண்ணே... அப்படியே மீட்டர் முன்னால நில்லுங்க. ரெண்டையும் பாருங்க... எல்லாரும் கேளுங்க! எல்லாத்தையும் அணைங்க! ஃபேன், லைட்டு, கெட்டில், ஏசி, எல்லாம்! யோவ் பதிவு, கண்ணைத் தொற, எழுந்திரு!... ம், அணைச்சாச்சு. பாருங்க... நின்னுடுச்சா? எது?... 'மூணு'ன்னு எழுதினதா?... 'நாலு'ன்னு எழுதினது அதுபாட்டுக்கு ஊர்ந்துக்கிட்டே போகுதா?... ம்..."

இந்த 'ம்' சற்று நீளமாக வந்தது.

"நம்பரை யாரு எழுதினது?... வெள்ளையடிச்சதுக்கு அப்புறமா? எப்போ?... அஞ்சு வருஷம்... யாரு, நீங்களேவா?... கண்ணாடி வீட்டுல இருந்துச்சா. சரியாப் போச்சு! அண்ணே, அப்ப இந்தக் கேடயம்?... ஆமாண்ணே, யோசிச்சுத்தான் கேக்கறேன். இந்த அஞ்சு கேடயமும் மூணாவது மாடிக்காரன் ஆபீசுக்கே வராம சேத்துக் குடுத்தது. எவனோ பெத்த பிள்ளைக்கு நான் பேரு வெச்சு, பொட்டு வெச்சு, தினம் துடைச்சிருக்கேன்!"

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போன வருடம் 'இரவிலும் உழைக்கும் தளம்' என்று மூணாவது மாடிக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். ராத்திரியிலும் மீட்டர் ஓடுகிறதே என்று மேலிடம் நெகிழ்ந்துபோயிருந்தது. உழைத்தது இவர் மாடி ஏசி.

"என்ன?... அழறீங்களா அண்ணே? சே, எதுக்கு?... ஆறு மாசத்துல ரிட்டையரா... பென்ஷனை நிறுத்துவாங்களா? அதெல்லாம் ஒண்ணும் நடக்காது... இல்லை, சொல்லாம இருக்க முடியாது. நான் சொல்லித்தான் ஆகணும்... புரியுது... புரியுது அண்ணே. உங்க பேரு வராது. சுண்ணாம்பு மேல பழியைப் போட்டுடுவோம். சுண்ணாம்புக்குப் பென்ஷன் கெடையாது... யாரு, வந்துட்டாரா? மணி பதினொண்ணா? குடுங்க. அவருகிட்ட போனைக் குடுங்க."

கொஞ்ச நேரம் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் ஐந்து கேடயத்தையும் ஒருமுறை பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவை பீரோ மேலேயே நிற்கும். ஆனால் ஒரு மணிக்குத் தம்பி வாசலைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும் மனம் அரை நிமிடம் யோசித்தது. அதற்காக அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"வணக்கம் சார். தலைமை எழுத்தர் பேசறேன்... ஆமா சார்... ஆமா, கால் யூனிட்டுதான். அது எங்க மாடி இல்லை சார்... சொல்றேன், கேளுங்க. நம்பர் மாறிப் போச்சு. நாலுன்னு எழுதினது மூணோடது, மூணுன்னு எழுதினது எங்களோடது... வெள்ளையடிச்சப்ப மாறிடுச்சு. சுண்ணாம்பு சார், சுண்ணாம்பு... நம்ப மாட்டீங்க, எனக்குத் தெரியும். மூணுன்னு இருக்கே, அதைப் பாருங்க. நிக்குதா?... நான் இப்ப ஒரே ஒரு ஏசியைப் போடறேன். ஏம்மா, போடு!... ஓடுதா?... அணைம்மா!... நிக்குதா?... மறுபடியா? உங்க ஆசைக்கு. போடு!... அணை!... போதுமா சார்? ஏசி பாவம்."

தட்டச்சர் அதிகாரி அறைக்கும் வாசலுக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள்.

"ஆமா சார், பத்து மணிக்கே ரெண்டையும் குறிச்சிருக்கீங்கதானே?... எவ்வளவு?... ஆறே முக்கால்! ஆறு போதும்னு எழுதியிருக்கீங்க... என்னது? அப்ப கேடயமா?... ம்... ஆமா சார். எங்களோடது இல்லை. அஞ்சும் இல்லை... ஆமா, தெரிஞ்சேதான் சொல்றேன்... ஏசியா? ஆமா, எங்க மாடிதான். பதினாலு மாசம். சாவி என் மேசையில... ஆமா, விளக்கம் எழுதிக் குடுக்கறேன். நாலு பக்கம் வேணாலும் குடுக்கறேன்... ம்... ம்... சார், ஒண்ணு மட்டும். எங்க மாடி இங்கேயே இருக்குதானே?... எழுதிட்டீங்களா?... படிங்க சார், கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க..."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உதடு அசைந்தது, அந்தப் பக்கத்து ஒவ்வொரு சொல்லையும் தானும் சேர்ந்து எழுதுவதுபோல.

"'நாலாவது தளம் முழுப் பயன்பாட்டில் உள்ளது.' ஆஹா... 'முழு'வுக்குக் கீழே ஒரு கோடு போட்டுடுங்க சார்... கேடயத்தையா? இப்பவே குடுத்தனுப்பறேன்... மூணாவது மாடிக்கா? அங்க வாங்க ஆளு இருக்கணுமே!... சரி சார். நன்றி சார். நல்லா இருங்க. முட்டிக்கு எண்ணெய் தேயுங்க... ஏய், எல்லாரும் கேளுங்க! போக மாட்டோம்! இங்கேயேதான் இருக்கோம்! போடுங்க, எல்லாத்தையும் போடுங்க! இன்னிக்கு ஒரு நாளு நல்லாக் காத்து வாங்குங்க, நான் எதுவும்..."

ஐந்து வருடத்துப் புழுக்கம் ஒரே நேரத்தில் சுவிட்சுகள் மேல் பாய்ந்தது. இருபத்து நாலு மின்விசிறி, நாற்பது விளக்கு, கெட்டில், ஏசி. போதாதென்று பதிவு எழுத்தர், யாருக்கும் தெரியாமல் மேசைக்கடியில் ஒளித்து வைத்திருந்த மின்னடுப்பையும் வெளியே எடுத்துச் சொருகினார். கீழே எங்கோ 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. கட்டடம் முழுவதும் கரண்ட் போனது.

"ஹலோ?... ஹலோ, சார்?... அண்ணே?..."

கரண்ட்டோடு தொலைபேசியும் செத்திருந்தது. அவர் அதை மெல்ல வைத்தார். மேலே மின்விசிறிகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து நின்றன. பதினாலு மாதமாகத் தண்ணீர் மோட்டார் என்று நினைத்திருந்த அந்த இரைச்சலும் நின்றுபோயிருந்தது. அந்த அமைதியில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

தலைமை எழுத்தர் அம்மா மட்டும் எழுந்து சுவரோரமாகப் போனார். ஆளில்லாத நாற்காலிகளின் விசிறிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தார். கேடயம் யாருக்குப் போனால் என்ன, கரண்ட் வந்ததும் வீணாக ஓடுமே.