லக்ஷனுக்கு வெட்டிய அட்டை

அன்ரி, ஒரு பூதத்தின் படத்தைத் தாளில் அச்சடித்து வெட்டி எடுப்பது சுலபம். அதன் காலடியில் ஒட்டும் வட்ட அட்டை சரியான அளவில் இல்லாவிட்டால்தான் எல்லாம் குழம்பும்.

எம்மன்புரூக்கேயில், திலக்சன் வீட்டில், ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் என்னதான் விளையாடுகிறோம் என்று நீங்கள் முன்பொருமுறை கேட்டீர்கள். மேசையில் கட்டம் போட்ட தாளை விரிப்போம். திலக்சன் கதை சொல்லுவான். நானும் சாருஜாவும் உங்கள் லக்ஷனும் அந்தக் கதைக்குள் ஆட்களாக நடப்போம். ஒரு கட்டம் என்பது ஓர் ஆள் நிற்கும் இடம். ஆகவே மனிதனுக்கு இருபத்தைந்து மில்லிமீற்றர் அட்டை, பூதத்துக்கு ஐம்பது, ட்ராகனுக்கு எழுபத்தைந்து. யார் எந்த வாசலால் போகலாம் என்பதை அந்த அட்டைதான் தீர்மானிக்கும்.

அட்டை வெட்டுவது என் வேலை. நான் அதிகம் கதைப்பதில்லை. இரசாயனம் படித்தவள், அளப்பதில் பிழை விடமாட்டேன். "அவள் மில்லிமீற்றர்காரி" என்று சாருஜா சொல்லுவாள். அந்த வீட்டில் என்னைத் தேடுவதற்கு அது ஒன்றுதான் இருந்தது.

மாசி மாதம் லக்ஷன் தன்னைப்போலவே ஓர் உருவம் செய்து தரும்படி கேட்டான்.

"உனக்கு எழுபத்தைந்து வேணுமடா," என்றான் திலக்சன். "உன்ர அம்மா பொரிக்கிற ரோல்ஸ் எல்லாம் எங்க போகுது எண்டு நினைக்கிறாய்?"

"நீ வாயைப் பொத்து. வதனி, நீ அளந்து இவனுக்குச் சொல்லு, நானும் மனிசன்தான் எண்டு."

அளந்தேன். அவனைச் சுவரோடு நிற்கச்சொல்லி, நெஞ்சில் ஒரு தடித்த புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்து, இடையே அளவுநாடாவை வைத்தேன். மூச்சை விட்டபோதும் இருபத்தொன்பது சென்ரிமீற்றர். அவன் இதயம் அடிப்பது புத்தகத்தின் ஊடாக என் கைக்குத் தெரிந்தது. அவனுக்கு இருபத்தைந்து மில்லிமீற்றர் அட்டைதான் ஒட்டினேன். எங்கள் மேசையில் மனிதர் நுழையும் எல்லா வாசலாலும் அவனும் நுழைந்தான்.

பங்குனியில் நீங்கள் அவனுக்குக் கனடாவில் பெண் பார்த்து முற்றாக்கினீர்கள். ஆவணியில் அவன் போய்விடுவான். அதில் எனக்குக் கோபமில்லை. அதற்குமுன் அவனோடு கொஞ்ச நேரம் தனியே இருக்கவேண்டும் என்று மட்டும் நினைத்தேன். பெரிய ஆசை என்று சொல்லமாட்டேன்.

குகைக்குப் போகும் யோசனை திலக்சனுடையது. கதைக்கு வரைபடம் வரைய ஓர் உண்மையான குகையைப் பார்க்கவேண்டும் என்றான். மழை பின்னேரம்தான் என்று வானிலையில் போட்டிருந்தது. மழை பெய்தால் உள்ளே ஓடும் தண்ணீர் சட்டென்று ஏறும் என்று வாசலில் ஒரு பலகை இருந்தது. எல்லோரும் வாசித்தோம்.

பாதி வழியில் பாறை பிளந்து ஓர் இடுக்கு இருந்தது. அதைத் தாண்டினால் மேலே ஏறி வெளியேற இன்னொரு வாசல் உண்டு. சாருஜா பக்கவாட்டில் நுழைந்து போனாள். திலக்சனும் போனான்.

"எங்கட விதி தெரியும்தானே," என்றான் அப்பாலிருந்து. "தன்னைவிட ஒரு அளவு சின்ன வாசலுக்குள்ளயும் நெருக்கிக்கொண்டு போகலாம். வேகம்தான் பாதி."

லக்ஷன் சிரித்தான். "உன்ர விதியை விடு. வதனி, அளந்து சொல்லு. எனக்கு நுழையக் காணுமோ?"

நாடா என் பையில் எப்போதும் இருக்கும். அளந்தேன். ஒடுங்கிய இடம் இருபத்தாறு சென்ரிமீற்றர்.

"காணும்," என்றேன்.

"வதனி சொன்னாச் சரி," என்றது சாருஜாவின் குரல்.

காணாது என்று சொல்லியிருந்தால் நால்வரும் ஒன்றாகத் திரும்பியிருப்போம். என் கணக்கு வேறு. மற்ற இருவரும் முன்னே போய்விடுவார்கள். அவன் கொஞ்சம் நுழைந்து பார்த்து, முடியாமல் பின்வாங்குவான். நாங்கள் இருவரும் வந்த வழியே திரும்பி, வெளியே புல்லில் இருந்து, நீங்கள் கட்டித்தந்ததைச் சாப்பிடுவோம்.

அவன் என்னை நம்புவான் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. நம்பாதவன் மெதுவாக நுழைவான். அவன் மூச்சை முழுதாக விட்டு, ஒரே தள்ளாகத் தள்ளினான். அதன்பிறகு முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. முகமும் வலது கையும் என் பக்கம் இருந்தன.

"என்னடா, வாறியோ?" திலக்சனின் குரல் அதற்குள் திருப்பத்துக்கு அப்பால் போயிருந்தது. லக்ஷனுக்குக் கத்த மூச்சில்லை. நான்தான் பதில் சொன்னேன்.

"அவனுக்குக் காணாது. நாங்கள் திரும்பிப் போறம். நீங்கள் மேலால போங்கோ."

அவர்கள் போனார்கள்.

அப்போது தண்ணீர் ஏறவில்லை. "போய் ஆரையும் கூட்டிக்கொண்டு வா," என்று மெல்லச் சொன்னான். "ஓம், போறன்," என்றேன். பதறாமல் இருந்தால் உடம்பு தளரும் என்றேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு கதைத்தேன். இத்தனை வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லாததை எல்லாம் சொன்னேன். அவன் இடையில் எழும்பிப் போகமுடியாது. அப்படி யாரும் எனக்குக் காதுகொடுத்ததில்லை.

தண்ணீர் முதலில் சப்பாத்துக்குள் வந்தது. பிறகு முழங்காலுக்கு. அவன் போ என்றான். நான் ஓம் என்றேன். இடுப்புக்கு மேலே வந்த பிறகுதான் போனேன். மீட்புக்காரர் வந்தபோது இடுக்குத் தெரியவில்லை, தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது.

பொலிஸ் விபத்து என்று முடித்துவிட்டது. இடுக்கின் அகலம் எனக்குத் தெரியுமா என்று அவர்கள் கேட்கவில்லை. தெரியும், அன்ரி. தெரிந்துதான் காணும் என்றேன். தெரிந்துதான் போகாமல் நின்றேன்.

அந்தியேட்டிக் கிரியை அன்று, மண்டபத்தில், நீங்கள் ஒருவர்தான் என்னிடம் கேட்டீர்கள். "பிள்ளை, கடைசியா என்ன சொன்னவன்?" அம்மா என்று சொன்னதாகச் சொன்னேன். நீங்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதீர்கள். அது பொய். கடைசியாகவும் அவன் போ என்றுதான் சொன்னான்.

ஆனால் அது வாய் சொன்னது. அவன் கை என்னை விடவில்லை. நான் கிளம்பும்போது அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது. நகம் பதிந்த இடம் இன்னும் ஆறவில்லை. வேண்டாத ஒருத்தியை யாரும் அவ்வளவு இறுக்கிப் பிடிக்கமாட்டார்கள்.